நான் பிரெஞ்சு டீச்சராக இருந்த ஒரே வருஷம்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னதெல்லாம் என் மார்க் ஷீட்தான்.

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் நான் காலேஜ் படித்தபோது, தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுப்பதற்கும் அந்த மொழி மேல் உள்ள ஆசைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தமிழில் பக்கம் பக்கமாக எழுதினாலும் பேப்பர் திருத்துகிறவருக்கு மனசு இளகாது, பிரெஞ்சில் நாலு வரி எழுதினால் மார்க்கை அள்ளிப் போடுவார்கள் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை இருந்தது. மின்சார வாரியத்தில் குமாஸ்தாவாக இருந்த என் அப்பா, மார்க் எங்கே அதிகமோ அங்கே என்னைச் சேர்த்துவிட்டார். எங்கள் பேராசிரியர் பிரெஞ்சை ஆங்கிலத்தில் நடத்தினார், சந்தேகத்தைத் தமிழில் தீர்த்தார். அவர் பிரெஞ்சு பேசி யாரும் கேட்டதில்லை. நாங்கள் பேசி அவரும் கேட்டதில்லை. கண்ணால் படித்து, கையால் எழுதி, நான் அதில் காலேஜுக்கே முதலாவதாக வந்தேன். காதுக்கும் வாய்க்கும் அந்த மொழியில் எந்த வேலையும் இருக்கவில்லை. (தண்ணீர் இல்லாத வைகையில் நீச்சல் பழகியவள் என்று என் தம்பி சொல்வான். அவன் பிரெஞ்சும் படிக்கவில்லை, நீச்சலும் பழகவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.)

படித்து முடித்து வீட்டில் சும்மா இருந்த என்னை, மகாலுக்குப் பின்னால் மூன்று வருஷத்துக்கு முன் ஆரம்பித்திருந்த ஒரு நர்சரி பள்ளிக்கூடத்துக்கு அப்பா கூட்டிப்போனார். தாளாளர் கீழமாசி வீதியில் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு மொத்த வியாபாரம் செய்பவர். படிப்பின் மேல் அபார மரியாதை உள்ளவர், தன்னைத் தவிர எல்லாரும் படித்தவர்கள் என்று நம்புகிறவர். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் இந்தி ஆரம்பித்துவிட்டார்கள் என்ற கவலையில் அப்போது இருந்தார். என் மார்க் ஷீட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குப் பேச வராது, எழுத மட்டும்தான் வரும் என்று நான் ஒளிவு மறைவில்லாமல் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

“இந்தியை எல்லாப் பயலும் சொல்லித் தாரான்மா. நாம பிரெஞ்சு சொல்லித் தருவோம். மதுரையில எவனுக்கும் தெரியாது. குத்தம் சொல்ல ஆளே இருக்காது” என்றார்.

இதைவிடத் தெளிவான கல்விக் கொள்கையை நான் பிறகு எங்கேயும் கேட்டதில்லை. அப்படித்தான் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நான் பிரெஞ்சு டீச்சர் ஆனேன்.

பாடம் எப்படி நடத்துவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்து வகுப்பில் மூத்த டீச்சர் ஒருவர் வாய்ப்பாடு நடத்துவதைத் தட்டி வழியாக எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அவர் ஒரு வரி சொல்வார், பிள்ளைகள் அதை ராகம் போட்டுத் திருப்பிச் சொல்லும். அவர் ஸ்கேலால் மேசையைத் தட்டினால் நிறுத்தும். அவ்வளவுதான். நானும் ஒரு ஸ்கேல் வாங்கினேன். பிரெஞ்சில் என்ன காதில் விழுந்தாலும் உடனே எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்ல வேண்டும், திருப்பிச் சொல்லாதவர் பெஞ்சு மேல் ஏறி நிற்க வேண்டும் என்று சட்டம் போட்டேன். “போன்ஜூர்” என்றால் “போன்ஜூஊஊர்” என்று கூரை அதிரும். கிழமைகளைச் சொல்லிக் கொடுத்தபோது “லண்டி, மர்டி, மெர்க்ரெடி” என்று ஈரெட்டுப் பதினாறு மெட்டில், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே பாடினார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தச் சத்தத்தில் எனக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. சத்தம் ஓய்ந்தால் பிள்ளைகளுக்குச் சந்தேகம் வரும். வந்தால் என்னைக் கேட்பார்கள். கேட்டால் எனக்குத் தெரியாது. அதனால் மணி அடிக்கும்வரை சத்தத்தை ஓயவிட மாட்டேன்.

இந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் ஹேமாவைக் கவனித்தேன்.

ஹேமா சௌராஷ்டிர வீட்டுப் பெண். அப்பாவுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம், தெற்குமாசி வீதிப் பக்கம் கடை. வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிரம். எல்.கே.ஜி. சேர்ந்த புதிதில் இந்தப் பிள்ளை ஏதோ தமிழில் சொல்லி, அது வேறு மாதிரி ஒலித்ததால் வகுப்பே சிரித்துவிட்டதாம். அன்றைக்கு மூடிய வாய் அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்தில் திறக்கவே இல்லை. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. எழுதச் சொன்னால் முத்து முத்தாக எழுதும். பேர் கூப்பிட்டால் எழுந்து நிற்கும், அவ்வளவுதான். அவளுடைய அப்பா வந்து, வீட்டில் இவள் வாய் ஓயவே ஓயாது என்று சொன்னபோது ஆசிரியர் அறையில் யாரும் நம்பவில்லை.

பிரெஞ்சு வகுப்பில் அந்தப் பிள்ளையின் உதடு அசைவதை ஒருநாள் பார்த்தேன். மெதுவாகப் பக்கத்தில் போய்க் காதைக் கொடுத்தேன். சன்னமாக, ஆனால் தெளிவாக, “ழ மாப்பெல் ஹேமா” என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. என் பேர் ஹேமா என்று அர்த்தம். பிரெஞ்சில் எல்லாருமே தப்பாகத்தான் சொன்னோம், டீச்சர் உட்பட. அங்கே ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரிக்க முடியாது. அதனால்தான் அவளுக்கு அங்கே பயம் இல்லை என்று இப்போது புரிகிறது. அன்றைக்கு நான் அதை என் போதனா முறைக்குக் கிடைத்த வெற்றி என்றே நினைத்தேன்.

ஓட்டமாக ஓடிப்போய்த் தலைமை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் கண்டிப்பானவர். கஞ்சி போட்ட காட்டன் சேலையில் அவர் நடந்து வந்தால் வராந்தாவே நிமிர்ந்து நிற்கும். அவர் ஏற்கனவே ஹேமாவின் அப்பாவைக் கூப்பிட்டு, பேசாத பிள்ளையை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ள முடியாது, அதற்கென்று உள்ள பள்ளிக்கூடத்தில் சேருங்கள் என்று சொல்லியிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, “ஏம்மா, பிரெஞ்சு மட்டும் பேசுற பிள்ளைய வச்சுக்கிட்டு மதுரையில நான் என்ன பண்ண? தமிழ்ல ஒரு வாக்கியம் பேசச் சொல்லு. என் காதால கேக்கணும். கேட்டா ரெண்டாங்கிளாஸ், கேக்கலைன்னா டி.சி.” என்றார்.

ஹேமாவின் அப்பா சாயந்தரம் பிள்ளையைக் கூட்டிப்போக வந்தபோது, வாசலில் என்னைப் பார்த்துக் கைகுவித்தார். “டீச்சரம்மா, எம்பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. நீங்கதான் எப்படியாச்சும் பேச வைக்கணும்” என்றார். என்னைவிட வயதில் மூத்தவர். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மிட்டாய் கொடுத்தேன், கதை சொன்னேன், கெஞ்சினேன். தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை. ஆண்டுவிழா வந்துவிட்டது. மேடையில் எல்லார் முன்னாலும் மைக்கில் பிரெஞ்சாவது கணீரென்று சொன்னால் தலைமை ஆசிரியையின் மனசு மாறலாம் என்று கணக்குப் போட்டு, ஹேமாவை முன்வரிசையில் மைக்குக்கு நேராக நிறுத்தினேன்.

ஆண்டுவிழா அன்று காலையில் தாளாளர் குதூகலமாக வந்தார். முதல்நாள் சாயந்தரம் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தையல்காரரிடம் சட்டை தைக்கக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாளைப் பார்த்திருக்கிறார். எந்த ஊர் என்று விசாரித்தால் பிரான்ஸ். கோபுரத்துச் சிற்பங்களைப் படம் வரைய வந்திருந்தாராம். நேராகப் போய்க் கும்பிட்டு, எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் உங்கள் பாஷைதான் பேசும் என்று தையல்காரரை மொழிபெயர்க்க வைத்துச் சொல்லி, சிறப்பு விருந்தினராக வரச் சம்மதம் வாங்கிவிட்டார்.

“டீச்சருக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் கிடைச்ச மாதிரி ஆச்சுல்ல” என்றார் என்னிடம்.

காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விடலாமா என்று யோசித்தேன். (காய்ச்சல் நிஜமாகவே வருவது போலத்தான் இருந்தது.) ஆனால் மைக்குக்கு நேராக நிற்கப் போகிற ஹேமாவை விட்டுவிட்டு எங்கே போவது? பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, ஊரில் உள்ள எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு போய் நின்றேன்.

பந்தல் நிறையக் கூட்டம். என் அப்பா, அம்மா, தம்பி மூவரும் நான் மேடையில் பிரெஞ்சு பேசப்போவதைப் பார்க்க முன்னாலேயே இடம் பிடித்திருந்தார்கள். ஹேமாவின் அப்பா ஓரமாக ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடை நாற்காலியில் தாளாளர், தலைமை ஆசிரியை, நடுவில் அந்த அம்மாள். நடுத்தர வயசு, நரைத்த தலை, வெயிலில் சிவந்த முகம், கழுத்தில் நாங்கள் போட்ட மல்லிகை மாலை. அதைக் கழற்றி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லாததால் கடைசிவரை அப்படியே இருந்தார்.

எங்கள் நிகழ்ச்சி வந்தது. பிள்ளைகள் கிழமைகளை ஆடிக்கொண்டே பாடி முடித்தார்கள். பிரமாதமாகப் பாடினார்கள். பந்தல் கைதட்டியது. நான் ஸ்கேலை எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கீழே இறக்க நகர்ந்தேன். அதற்குள் அந்த அம்மாள் எழுந்து மைக்கிடம் வந்து, பிள்ளைகள் உயரத்துக்கு மண்டியிட்டு உட்கார்ந்து, சிரித்த முகத்தோடு சொன்னார்: “போன்ஜூர், லெஸான்ஃபான்!” வணக்கம், பிள்ளைகளே என்று அர்த்தம்.

பிரெஞ்சு காதில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பது என் பிள்ளைகளுக்குத் தெரியும். அத்தனை பேரும் ஒரே குரலில், ராகத்தோடு, “போன்ஜூஊஊர் லெஸான்ஃபான்” என்றார்கள்.

கூட்டத்துக்குப் பெருமை தாங்கவில்லை. வெள்ளைக்கார அம்மாள் கேட்க, நம் பிள்ளைகள் பதில் சொல்கின்றன என்று நினைத்துக் கைதட்டினார்கள். அந்த அம்மாள் கண்ணைச் சிமிட்டிவிட்டு வேறு ஏதோ கேட்டார். அதையும் பிள்ளைகள் அவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். மறுபடி கைதட்டல். தாளாளர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்துக்காரர் யாராவது வந்திருக்கிறாரா என்று கூட்டத்தைத் துழாவினார். அந்த அம்மாள் தலையை ஆட்டி, கையை விரித்து, நீளமாக ஏதோ விளக்கினார். “அப்படியில்லை கண்ணுகளா, நான் கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும்” என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். பிள்ளைகள் மலைத்துப் போகவில்லை. முதல் இரண்டு வார்த்தையைச் சொன்னார்கள், கடைசி வார்த்தையைச் சொன்னார்கள், நடுவில் உள்ளதை வெறும் ராகத்தால் நிரப்பினார்கள். தலை ஆட்டியதையும் கையை விரித்ததையும்கூட விடவில்லை.

நான் பிள்ளைகளுக்குப் பின்னால் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, “திருப்பிச் சொல்லாதீங்க” என்று கிசுகிசுத்தேன்.

“திருப்பிச் சொல்லாதீஈஈங்க” என்றது முதல் வகுப்பு, மைக்கில்.

கூட்டம் அப்போதுதான் முதல் முறையாகச் சிரித்தது. ஸ்கேலால் தட்டலாம் என்றால் மேடையில் மேசை இல்லை. என் தொடையில் தட்டிப் பார்த்தேன், பட்டுச்சேலையில் சத்தம் வரவில்லை. அந்த அம்மாள் எழுந்து, இந்தப் பெண்ணாவது மனுஷியாகப் பேசுவாள் என்ற நம்பிக்கையோடு என் பக்கம் திரும்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டு அன்பாக ஏதோ சொல்லிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

ஒரு பிரெஞ்சுக்காரர் வாயிலிருந்து பிரெஞ்சு வருவதை வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்கிறேன். நான் படித்ததற்கும் அதற்கும் ஒட்டு உறவே இல்லை. என் புத்தகத்தில் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவில் இடைவெளி இருக்கும், இவர் இடைவெளியே விடவில்லை. அவர் வாயையே உற்றுப் பார்த்தேன். எதிரே என் அப்பா தலையை ஆட்டி ஆட்டி எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். காலேஜுக்கே முதலாவதாக வந்தவளின் மண்டைக்குள் ஒரு வார்த்தை இல்லை. மைக் இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும். கையைக் கூப்பினேன். அவர் கேட்ட கேள்வியை அப்படியே, வாய்ப்பாடு ராகத்தில், அவருக்குத் திருப்பிச் சொன்னேன்.

இந்தத் தடவை பந்தலில் யாரும் கைதட்டவில்லை. அந்த அம்மாள் பொறுமையாக மறுபடி கேட்டார், கையால் ஏதோ சைகை செய்தபடி. நானும் மறுபடி திருப்பிச் சொன்னேன். (உச்சரிப்பு இரண்டாம் தடவை நன்றாக வந்தது என்பதை இன்றைக்கும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.) அப்பா தலை ஆட்டுவதை நிறுத்திவிட்டார். தலைமை ஆசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் இந்தப் பிள்ளையின் படிப்பும் போயிற்று என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்தேன். ஹேமா, கலவரமே இல்லாமல், எனக்குப் புரிய வைக்கும் நிதானத்தோடு சொன்னாள்:

“டீச்சர், உங்க பேரக் கேக்குறாங்க.”

மைக் அவள் உயரத்துக்குத்தான் இருந்தது. கடைசி வரிசையில் நின்றவர்கள் வரைக்கும் கேட்டது.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரிக்காதவர்கள் சிலர் உண்டு. தூண் பக்கத்தில் அவளுடைய அப்பா முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு நின்றார். தலைமை ஆசிரியை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் அந்தப் பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு தேம்பினேன். பந்தலே சிரித்தும் அவள் வாயை மூடிக்கொள்ளவில்லை. “சொல்லுங்க டீச்சர்” என்று அடுத்த வாக்கியத்தையும் சொன்னாள். அவர்கள் சிரித்தது தன்னைப் பார்த்து அல்ல, டீச்சரைப் பார்த்து என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

“விஜயலட்சுமி” என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

என் வகுப்புக்கு அதுவும் பாடம்தான். “விஜயலட்சுமீஈஈ” என்று கூரை அதிரத் திருப்பிச் சொன்னார்கள். அந்த அம்மாளும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, அதே ராகத்தில் சொன்னார்.

பிற்பாடு ஹேமாவிடம், அந்த அம்மாள் கேட்டது உனக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். அவர் முதலில் தன் நெஞ்சில் கை வைத்து ஒரு பேர் சொன்னார், அப்புறம் உங்களைக் காட்டினார், வேறு என்ன கேட்பார் என்றாள். நான் வாயைப் பார்த்தேன், அவள் கையைப் பார்த்திருக்கிறாள். புரியாத பேச்சுக்கு நடுவிலேயே பள்ளிக்கூடம் வந்து போன பிள்ளை, ஆட்களின் முகத்தையும் கையையும் பார்த்தே எல்லாம் தெரிந்துகொண்டிருக்கிறது. எங்கள் எல்லாருக்கும் பிரெஞ்சு என்பது ஒரு பாடம், மனுஷர்கள் அதில் ஒருவரை ஒருவர் ஏதாவது கேட்டுக்கொள்வார்கள் என்பது அவளுக்கு மட்டும்தான் தோன்றியிருக்கிறது.

மறுநாள் தலைமை ஆசிரியை கூப்பிட்டு அனுப்பினார். வேலை போனது போனதுதான் என்று டிபன் பாக்ஸையும் கையோடு எடுத்துக்கொண்டே போனேன். அவர் நிமிர்ந்து பார்க்காமல் பேசினார். “இனி பிரெஞ்சு வேண்டாம். தாளாளர்ட்ட நான் பேசிக்கிடுறேன். ஜூன்லருந்து நீ ரெண்டாங்கிளாஸ் எடு. அந்தப் பிள்ளை அங்கதான் வருது.” நான் அழுதுவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, உடனே போகச் சொல்லிவிட்டார். தாளாளருக்கு மட்டும் கடைசிவரை ஒன்றும் புரியவில்லை. எங்கள் பிள்ளைகள் பிரான்ஸ் தேசத்து அம்மாளுக்கு ஈடுகொடுத்துப் பேசியதாகக் கீழமாசி வீதி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் வீட்டில் என் தம்பி இதை விடவில்லை. பேங்கில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில் நான் எங்கேயாவது பேந்தப் பேந்த விழித்தால் போதும், “டீச்சர், உங்க பேரக் கேக்குறாங்க” என்று பின்னாலிருந்து குரல் வரும். அவனிடமிருந்து என் கணவருக்கும், கணவரிடமிருந்து பிள்ளைகளுக்கும் அது தொற்றிவிட்டது. ஆனால் எனக்குள் வேறு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டது. தெரியாத மொழியில் யார் என்ன கேட்டாலும், யோசிக்காமல் பேரைச் சொல்லிவிடுவேன். காசிக்குப் போன வழியில் ரயிலில் ஒரு டிக்கெட் பரிசோதகருக்குப் பேரைச் சொன்னேன். அவர் டிக்கெட்டைத்தான் கேட்டிருக்கிறார்.

ஹேமா வளர்ந்து, படித்து, அவளுக்குக் கல்யாணம் நடந்தது. குடும்பத்தோடு போனோம். மணமேடையில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி மாப்பிள்ளை வீட்டாருக்கெல்லாம் அறிமுகம் செய்துவைத்தாள். எல்லாம் சௌராஷ்டிரத்தில். மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு வாஞ்சையாக ஏதோ கேட்டார். பின்னால் என் தம்பி வாயைத் திறக்கும் முன்னால் நான் முந்திக்கொண்டேன்.

“விஜயலட்சுமி” என்றேன், சத்தமாக.

பெரியம்மா ஹேமாவைப் பார்த்தார். ஹேமா மாலையைச் சரிசெய்துகொண்டு என் காதுப் பக்கம் குனிந்தாள்.

“டீச்சர், சாப்டாச்சான்னு கேக்குறாங்க.”